வராத நாளுக்கும் கட்டணம் உண்டு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என்னிடம் யாரும் கதை கேட்கவில்லை. கேட்டது நான்கு வரி. என் மகளைக் காலை நேரத்தில் பார்த்துக்கொள்ளும் அக்கா ஒரு நாள் வாசலில் என்னை நிறுத்தினார்.

"எழுத்தாளரம்மா, ஞாயித்துக்கிழமை எல்லா அப்பா அம்மாவையும் வரச் சொல்லியிருக்கேன். ஃபீஸை மாத்தப்போறேன். எப்படிச் சொல்றதுன்னு ஒரு நாலு வரி எழுதிக் குடுங்க. மனப்பாடம் பண்ணிச் சொல்லிடுறேன்."

நான்கு வரிதானே என்று தலையாட்டிவிட்டு வந்தேன். இன்றோடு ஒரு வாரம் ஆகிறது. நான்கு வரி வந்தபாடில்லை. அதற்குப் பதிலாக இது வந்துகொண்டிருக்கிறது.

(இதை எழுதும் நேரமும் அக்காவிடம் விலைக்கு வாங்கியதுதான். ஒன்பது மணியிலிருந்து ஒரு மணி வரை மகள் அங்கே, நான் இங்கே. ஆகவே வாசகரே, இதில் வீணாகும் வாக்கியங்களுக்கெல்லாம் காசு கட்டுபவள் நான். கொஞ்சம் மரியாதையாகப் படியுங்கள்.)

2

கதை என்றால் ஆரம்பம் வேண்டும். இப்படித் தொடங்கிப் பார்த்தேன்:

அந்த முன்னறைக்குள் நுழைந்ததும் பவுடர் மணமும் பால் மணமும் கலந்து ஏதோ ஒரு தெய்வீக...

வேண்டாம். அந்த அறையில் அடிப்பது தரை துடைக்கும் மருந்து வாடையும் ஈரத் துணி வாடையும். நான்கு நிறத்தில் நான்கு சின்ன மெத்தைகள், தும்பிக்கை இல்லாத ஒரு பிளாஸ்டிக் யானை, மாடிப்படிக்குக் குறுக்கே கயிற்றால் கட்டிய ஒரு மரக்கதவு. நான்கு பிள்ளைகளுக்கு மேல் அக்கா சேர்ப்பதில்லை. ஏன் என்று கேட்டால், "கை ரெண்டு, தொடை ரெண்டு, அவ்வளவுதான் இருக்கு" என்பார்.

இன்னோர் ஆரம்பம்:

சொந்தப் பிள்ளைகளைப் போலவே அவர்களைப் பார்த்துக்கொண்டார்.

இதை அறிவிப்புக்கே முதல் வரியாக வைக்கலாம் என்று தோன்றியது. பெருமையோடு படித்துக் காட்டினேன். அக்கா அப்போது ஒரு பையனுக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அதை அடிச்சிருங்க."

"ஏன்க்கா? நல்ல வார்த்தைதானே?"

"நல்ல வார்த்தைதான். சொந்தப் பிள்ளையைப் பார்த்துக்க யாராவது காசு வாங்குவாங்களா? எட்டு வருஷமா என் சம்பளத்தைத் தின்னுட்டு இருக்கிறதே அந்த வார்த்தைதான்."

அடித்துவிட்டேன் என்று சொன்னேன். மேலே பாருங்கள், இன்னும் அங்கேதான் இருக்கிறது. எழுதியதை அடிக்க எனக்கு மனசு வருவதே இல்லை.

3

இப்போது கொஞ்சம் கட்டுரை. கட்டணம் எப்படிப் பிறந்தது என்று தெரியாமல் கதை நகராது.

எட்டு வருடத்துக்கு முன் எதிர்வீட்டுப் பெண் தன் குழந்தையை இறக்கிவிட்டு, "எவ்வளவு தரட்டும்க்கா?" என்று கேட்டாள். அக்கா கூச்சப்பட்டுக்கொண்டு, "பார்த்துக் குடுங்க" என்றார். அவளும் பார்த்தாள், கொடுத்தாள். அடுத்து வந்தவருக்கு, "அவங்க குடுக்கிறதையே குடுங்க." மூன்றாவது குழந்தை நிறையத் தூங்கும் என்பதால் கொஞ்சம் குறைவு. எங்கள் விஷயத்தில், மகள் அழவே மாட்டாள் என்று என் வீட்டுக்காரர் சத்தியம் பண்ணிக் குறைத்தார். அவள் முதல் நாள் காலையே அந்தச் சத்தியத்தை உடைத்தாள், விலை மட்டும் குறைந்தபடியே நின்றுவிட்டது. பழைய பிள்ளைகள் வளர்ந்து போனாலும் விலை அந்தந்த மெத்தையோடு தங்கிவிட்டது. ஆக நான்கு மெத்தைக்கு மூன்று விலை. எல்லாமே வந்த நாளைக்கு மட்டும்.

போன மாதம் ஒரு குடும்பம் ஊருக்குப் போனது. இன்னொரு வீட்டில் மாமியார் வந்து தங்கிப் பையனைப் பார்த்துக்கொண்டார். இரண்டு மெத்தை காலி, வருமானம் பாதி. அதே மாதம் அடுத்த தெருவிலிருந்து ஒரு டீச்சர் கைக்குழந்தையோடு வந்து இடம் கேட்டிருக்கிறார். அக்கா இடமில்லை என்று அனுப்பிவிட்டார்.

"இடம் இருந்துச்சேக்கா?"

"எங்க இருந்துச்சு? அது அந்தப் பையன் மெத்தை. அவன் திரும்பி வந்தா எங்க படுப்பான்?"

யாரும் காசு கொடுக்காத இடத்தை யாருக்கும் கொடுக்காமல் ஒரு மாதம் காத்திருக்கிறார். இதைச் சொல்லும்போதுதான் அவருக்கே உறைத்ததாம்.

புதிய கட்டணம் இப்படி: எல்லோருக்கும் ஒரே விலை. நாள் கணக்கு கிடையாது, இடத்துக்குத்தான் காசு. ஐந்து நாள் இடம் ஒரு தொகை, மூன்று நாள் இடம் ஒரு தொகை. பிள்ளை வராவிட்டாலும் உண்டு. அக்கா லீவு போட்டால் அந்த நாளுக்குக் கழித்துக்கொள்ளலாம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தாமதமானால் தனி.

யாரும் ஒத்துக்கொள்ளாவிட்டால்? பெரிய மருந்துக் கடை ஒன்றில் பில் போட ஆள் கேட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். "லீவு நாளுக்கும் சம்பளமாம்" என்று அக்கா அதிசயமாகச் சொன்னார். முன்னறையை மூடிவிட்டுப் போகத் துளியும் இஷ்டமில்லை என்பது, அதைச் சொல்லும்போது மடியில் இருந்த குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்ததிலேயே தெரிந்தது.

4

அறிவிப்பின் வரைவுகள், கைவிட்ட வரிசையில், அக்காவின் தீர்ப்போடு.

மேற்படி கட்டணம் அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து... ("ஜப்தி நோட்டீஸ் மாதிரி இருக்கே.")

விலைவாசி உயர்வைக் கருத்தில் கொண்டு... ("விலைவாசி ஏறலைன்னாலும் இதுதான் கேப்பேன்.")

பெற்றோர்கள் தவறாக எண்ண வேண்டாம்... ("தப்பா எண்ணட்டும், காசைச் சரியா எண்ணினாப் போதும்.")

அதற்குப் பிறகு அக்கா ஒரு கேள்வி கேட்டார். "ஆமா, ஒரு கதைக்கு நீங்க என்ன வாங்குவீங்க?"

"பத்திரிகை ரெண்டு காப்பி அனுப்புவாங்க."

"காசு?"

"அது... அவங்களா பார்த்து..."

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகள் எழுந்துவிட்டன. "அடக் கடவுளே, உங்ககிட்டயா நான் விலை சொல்லக் கத்துக்க வந்தேன்!" எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த நிமிடம் அவரை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

5

கதைக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டதால் ஜவுளிக்கடைக்காரரைப் பிடித்தேன். அவருடைய பையன்தான் போன மாதம் மாமியார் புண்ணியத்தில் வராமல் இருந்தவன்.

தடித்த மீசையைத் தடவியபடி, மோதிர விரலால் மேசையைத் தட்டி...

பொய். அவருக்கு மீசையே இல்லை. அக்காவுக்கு ஒரு முறை மூச்சுத் திணறியபோது கடையைப் பாதியில் விட்டு ஓடிவந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனவர். வருடா வருடம் புடவை எடுத்துக் கொடுப்பவர். காசுப் பேச்சு வந்தால் மட்டும், "நமக்குள்ள என்னக்கா கணக்கு!" என்பார். நடிப்பாகச் சொன்னால் எனக்கு வேலை எளிது. மனுஷன் மனதாரச் சொல்கிறார், அதுதான் தொல்லை.

வில்லன் இல்லை என்றானபின் என் வீட்டுச் சமையலறையிலேயே தேடினேன்.

"வராத நாளைக்கு எதுக்கு குடுக்கணும்?" என்றார் வீட்டுக்காரர்.

"ஸ்டேஷன்ல வண்டி நிறுத்த மாசப் பாஸ் எடுக்குறீங்களே. போன வாரம் காய்ச்சல்ல படுத்திருந்தீங்க, காசைத் திருப்பிக் குடுத்தாங்களா?"

"அது வண்டி."

"ஆமா. வண்டிக்கு டயப்பர் மாத்த வேண்டாம்."

அவர் கொஞ்ச நேரம் பாத்திரத்தைக் கழுவினார். பிறகு மெதுவாக, "நியாயம்தான். ஆனா நம்மால மூணு நாள்தான் முடியும், பாத்துக்கோ" என்றார்.

மூன்று நாள் என்றால் எனக்கு வாரத்தில் இரண்டு காலை போய்விடும். எழுதிக்கொண்டிருக்கும் நாவல் அந்தக் காலைகளில்தான் இருக்கிறது. ஆகவே தெரிந்துகொள்ளுங்கள், இந்தக் கதையை எழுதுபவள் இதில் ஒரு கட்சிக்காரி. நான் எழுதும் முடிவை நம்பாதீர்கள்.

6

முடிவு, முதல் வகை: எல்லோரும் கைதட்டி ஒத்துக்கொள்கிறார்கள். (இப்படி ஓர் அறையை நான் பார்த்ததில்லை.)

இரண்டாம் வகை: மருந்துக் கடை. அக்கா சீருடையில் பில் போடுகிறார். ஜவுளிக்கடைக்காரர் பையனுக்கு இருமல் மருந்து வாங்க வருகிறார். தொகையைச் சொன்னதும் எடுத்து வைக்கிறார். நமக்குள் என்ன என்று அங்கே கேட்கவில்லை. பையன் மட்டும் மேசைக்கு மேல் கையை நீட்டி... (இதை எழுதி முடிக்க முடியவில்லை. அழுகை வந்தது, நிறுத்திவிட்டேன்.)

மூன்றாம் வகை: அக்கா எல்லாவற்றையும் கோர்வையாகச் சொல்கிறார். பிறகு எல்லோர் முகத்தையும் பார்த்து, இளகி, சிரித்து, "சரி விடுங்க, பார்த்துக் குடுங்க" என்கிறார். இது தண்ணீர் மாதிரி வந்தது. அழகாகவும் இருந்தது. எனக்கு ஐந்து காலையும் மிஞ்சியது.

இன்று வெள்ளிக்கிழமை. மகளைக் கூட்டிவரப் போனபோது மூன்றாவதைப் படித்துக் காட்டினேன். அக்கா முழுவதும் கேட்டார்.

"நல்லா இருக்கு. ஆனா என்னைச் சிரிக்க வைக்காதீங்க எழுத்தாளரம்மா. நான் சிரிச்சாப் போதும், பழைய ரேட்டே போதும்னு எல்லாரும் கிளம்பிடுவாங்க."

"அப்போ என்ன எழுதட்டும்?"

"தொகையைச் சொன்னேன்னு எழுதுங்க. சொல்லிட்டு சும்மா நின்னேன்னு எழுதுங்க. அது எப்படின்னு நானும் பார்த்துக்கறேன்."

7

ஞாயிற்றுக்கிழமை இன்னும் வரவில்லை. எழுதுகிறேன்.

முன்னறை. பெரியவர்களெல்லாம் பிள்ளைகளின் மெத்தையில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருக்கிறார்கள். ஜவுளிக்கடைக்காரர் பையன் அப்பாவிடம் போகாமல் அக்காவின் இடுப்பில் இருக்கிறான். அக்கா தொகையைச் சொல்கிறார். வராத நாளுக்கும் உண்டு என்கிறார். நிற்கிறார்.

"நமக்குள்ள என்னக்கா..." என்று ஜவுளிக்கடைக்காரர் ஆரம்பிக்கிறார். அவர் முகத்தில் இருப்பது அத்தனையும் பாசம். எல்லோரும் அக்கா சிரிக்கக் காத்திருக்கிறார்கள். அக்கா சிரிக்கவில்லை. அது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

"எங்களுக்குச் சம்மதம்க்கா, மூணு நாள் இடம்" என்கிறேன் நான். (இதை வேண்டுமென்றே எழுதிவைக்கிறேன். எழுதிவிட்டால் நாளை மறுநாள் என்னால் நழுவ முடியாது.)

அதோடு என் குடும்பத்தின் பங்கு முடிந்தது. மற்றவர்களின் வாயில் வார்த்தை வைக்க எனக்கு உரிமையில்லை, ஜவுளிக்கடைக்காரர் வாயில்கூட. கொஞ்சம் நகர்ந்து உட்காருகிறேன், நீங்களும் உட்காருங்கள். உங்கள் பிள்ளையும் இங்கேதான் தூங்கி எழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்காவை உங்களுக்கும் ரொம்பப் பிடிக்கும்.

அவர் இப்போது உங்களைத்தான் பார்க்கிறார். சொல்லுங்கள்.