ஏறி வருகிறவளுக்கு வழி

குளத்து வாசலில் ஒரு பச்சைப் பலகை நட்டிருக்கிறார்கள். ஈஸி வாக், ஒன்று புள்ளி எட்டு கிலோமீட்டர், எல்லா வயதினருக்கும் ஏற்றது என்று மலையாளத்திலும் இங்கிலீஷிலும் எழுதியிருக்கும். பிஜி அதைத் தாண்டும்போதெல்லாம் ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் போவாள். அவள் அம்மா ஜெபமலர் இருபத்திரண்டு வருஷம் இதே இடத்தில் நாளொன்றுக்கு நாற்பது தடவை இறங்கி ஏறியவள். அன்றைக்கு யாரும் பலகை வைக்கவில்லை.

அன்றைக்கு இது குளமும் இல்லை. வெள்ளைக் களிமண் வெட்டிய குழி. மண் தீர்ந்ததும் கம்பெனிக்காரன் தண்ணீர் இறைக்கிற மோட்டாரை நிறுத்திவிட்டுப் போனான். இரண்டு மழைக்காலத்தில் குழி வாய்வரை நிறைந்தது. அடியில் கிடந்த வெள்ளை மண், தண்ணீருக்கு ஒரு நிறத்தைக் கொடுத்தது. பாலில் ஒரு சொட்டு நீலம் விட்டுக் கலக்கினால் வருமே, அந்த நிறம். பத்து வருஷம் கழித்துக் கரையைச் சுற்றி டைல் பதித்தார்கள், பெஞ்சு போட்டார்கள். மேட்டில் ஃபிளாட் எழும்பியது. நகரத்துத் தொந்திகளெல்லாம் காரில் வந்து இறங்கி நடக்க ஆரம்பித்தன.

அந்தக் கூட்டத்துக்குள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருவோம் என்று பிஜி கனவிலும் நினைத்ததில்லை. முழங்கால்தான் கொண்டுவந்து சேர்த்தது. மண் சுமந்து தேய்ந்துபோன வலது கால் மூட்டை மாற்றி இரும்பு மூட்டு வைத்தாயிற்று. அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: தினமும் நடக்க வேண்டும், சமதரையில் மட்டும், தலையிலும் கையிலும் கனம் கூடாது. "வீணால் தீர்ந்நு, கேட்டோ." விழுந்தால் தீர்ந்தது. சர்க்கரை உடம்பு, இன்னொரு தடவை திறந்து பார்க்க முடியாது. இவர்கள் குடியிருக்கும் செம்மண் சரிவில் சமதரை என்று சொல்ல அந்த டைல் பாதை ஒன்றுதான் இருந்தது.

ஆகவே காலை ஆறு மணிக்கு இருவரும் குளத்துக்கு வந்தார்கள். பிஜி ஒன்பது மணிக்குப் பழவங்காடியில் இருக்க வேண்டும். அங்கே ஒரு டிராவல்ஸ் ஆபீசில் பஸ் டிக்கெட் போடுகிற வேலை. அதற்குள் ஒரு சுற்று.

அந்த நேரத்தில் குளம் இந்த உலகத்தைச் சேர்ந்ததாகவே இருக்காது. தண்ணீர் எங்கே முடிகிறது, மஞ்சு என்கிற பனிமூட்டம் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. எதிர்க்கரைத் தென்னைகள் வேரில்லாமல் நின்றன. நீர்க்காகம் ஒன்று முங்கினால் எங்கே எழும்பும் என்று பார்த்துக்கொண்டே பத்தடி நடந்துவிடலாம். எதிரே வருகிறவர்களுக்கு முதலில் காலடிச் சத்தம்தான் வரும். அப்புறம் ஒரு சாம்பல் நிழல். அப்புறம் திடீரென்று ஒரு முகம், ஒரு பனியன், காதில் ஒரு வயர். பிஜிக்கே சில நிமிஷம் கோபம் மறந்துபோகும்.

மறந்த கோபத்தை அம்மா ஞாபகப்படுத்துவாள். எதிரே நிழல் தெரிந்த உடனே ஜெபமலர் டைலை விட்டு இறங்கி, தண்ணீர்ப் பக்கத்துச் சரிவில் ஈரப்புல்லில் நின்றுவிடுவாள். ஆள் கடந்து போன பிறகுதான் ஏறுவாள். ஒரு சுற்றில் இருபது பேர் என்றால் இருபது தடவை.

"எம்மா, என்னத்துக்கு இறங்குதே? பாதை எட்டடி அகலம் கெடக்கு."

"போவட்டு மோளே. அவங்க வேகமா வருதாங்க."

"வேகமா வந்தா? இது அவங்க அப்பன் போட்ட டைலா?"

ஜெபமலர் சிரித்துக்கொண்டு நடப்பாள். அடுத்த நிழலுக்கு மறுபடியும் இறங்குவாள். குழியில் மேஸ்திரி, இன்ஜினியர், கம்பெனி ஜீப் என்று எல்லாருக்கும் ஒதுங்கி ஒதுங்கி அம்மாவின் முதுகில் பயம் ஊறிப்போய்விட்டது என்று பிஜி முடிவு கட்டியிருந்தாள். அவள் பி.காம். முடித்தது அந்தப் பயத்தைத் துடைப்பதற்காகத்தான். ரிசல்ட் வந்த அன்றே குழி நின்ற பிறகும் கூலிச் சுமைக்கு அடியில் அம்மா வைத்துக்கொண்டிருந்த சும்மாட்டுத் துணியை அடுப்பில் போட்டாள். "இனி உனக்க தலையில ஒரு பொருளும் ஏறப்பிடாது" என்றாள். அதிலிருந்து அரிசி மூட்டையானாலும் தண்ணீர்க் குடமானாலும் பிஜியின் இடுப்பில்தான்.

எட்டாவது நாள் சேஷன் எதிரே வந்தார். கரமனைத் தெருவிலிருந்த வீட்டை விற்றுவிட்டு மேட்டு ஃபிளாட்டுக்கு வந்தவர், ரிட்டயரான ஆபீசர். கையில் வெள்ளிப் பூண் போட்ட தடி. ஜெபமலர் ஒதுங்கியதைப் பார்த்து நின்றுவிட்டார்.

"பாத்தயா குட்டி, உங்கம்மாவோட மரியாதையை! நான் தினம் பாத்துண்டிருக்கேன். இந்தக் காலத்துல யாரு இப்படி ஒதுங்கறா? நீயும் கத்துக்கோ."

பிஜி வாயைத் திறப்பதற்குள் புல் வழுக்கியது. ஜெபமலரின் இடது கால் முன்னே போக, இரும்பு மூட்டு அப்படியே மடங்கியது. பிஜி பாய்ந்து அக்குளுக்குள் கையைக் கொடுத்துப் பிடித்தாள். இரண்டு கூழாங்கல் உருண்டு தண்ணீரில் விழுந்தன. மஞ்சுக்குள் வளையம் வளையமாக விரிந்தது.

"சாரே," என்றாள் பிஜி, பிடியை விடாமல். "எனக்க அம்மைக்கு இரும்பு முட்டு. விழுந்தா பின்னே எந்திரிக்கமாட்டா. மரியாதை கண்டு ரசிக்குத நேரத்துல, சாரு ரெண்டடி ஒதுங்கியிருந்தா டைலு தேஞ்சா போயிருக்கும்?"

சேஷன் தடியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார். "நான் என்ன பண்ணினேன்? நான் ஒதுங்கச் சொல்லலையே," என்றவர் மெல்ல நகர்ந்து மஞ்சுக்குள் மறைந்தார்.

பெஞ்சில் உட்கார வைத்ததும் பிஜி கேட்டாள், "எத்தனை காலம் இப்படிப் பயந்து சாவப்போற?"

ஜெபமலர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே நிமிர்ந்தாள். "பயமா? அந்தக் கெழவனுக்கா? நல்ல கதை."

"பின்னே?"

"வெறுந்தலைக்காரி ஒதுங்கணும். அதாக்கும் குழியில சட்டம்." அம்மா தண்ணீரைக் கையால் காட்டினாள். "அந்தா அங்கதான் பாதை இறங்கும். ஒரு ஆள் அகலம். வெள்ளை மண்ணு, மழை பெஞ்சா வெண்ணெய். கீழேருந்து சுமையோட ஏறி வருதவளால நிக்கவும் முடியாது, குனிஞ்சு பாக்கவும் முடியாது. நின்னா போச்சு. சும்மா இறங்குதவதான் ஓரம் போவணும். அது மேஸ்திரியா இருந்தாலும் போவணும். ஒருநாள் இன்ஜினியரு ஒதுங்கல்ல. எங்கூட மண்ணு சுமந்த செலின் நேரே போய் இடிச்சா. அவரு குண்டி குத்தி சேத்துல இருந்தாரு. ஒருத்தரும் அவளை ஒரு வாக்கு சொல்லல்ல."

பிஜிக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்துமூன்று வருஷம் ஒரே வீட்டில் உண்டு உறங்கியும் இது அவளுக்குத் தெரியாது.

"சேஷன் சாருக்கத் தலையில என்ன சுமை இருக்கு?"

"வழுக்கைதான் இருக்கு," என்றாள் ஜெபமலர். பிறகு குரல் இறங்கியது. "எனக்கும் தெரியும் மோளே. ஆனா மஞ்சுக்குள்ள ஒரு ஆளு வந்தா, கீழேருந்து ஏறி வருதது போலதான் இருக்கு. தலையில என்ன இருக்குன்னு கண்ணு பாக்குததுக்கு முன்னே காலு ஒதுங்குது. நான் என்ன செய்ய?"

அடுத்த நாட்களில் பிஜி எல்லா வித்தையும் செய்து பார்த்தாள். தண்ணீர்ப் பக்கம் தான் நடந்தாள். அம்மா மறுபக்கத்து ஓடைக்குள் இறங்கினாள். கையைக் கோத்துப் பிடித்தாள், இருவருமாகச் சறுக்கினார்கள். தரையைப் பார்த்து நட என்றாள். காலடிச் சத்தத்துக்கே கால் ஒதுங்கியது. வெயிலேறிய பின் வரலாமென்றால் பழவங்காடி விடாது. வீட்டிலேயே இருக்கட்டும் என்று நான்கு நாள் விட்டதற்கு மூட்டு விறைத்து, ஐந்தாம் நாள் கட்டிலிலிருந்து எழவே அம்மாவுக்குக் கால் மணி நேரம் பிடித்தது.

ஆறாம் நாள் மறுபடியும் வந்தார்கள். பாதி வழியில் தூறல். "நனையாதே" என்று பிஜி தன் துணிப்பையை அம்மாவின் தலைக்கு மேல் வைத்தாள். உள்ளே ஒரு துவாலையைத் தவிர ஒன்றுமில்லை. ஜெபமலர் ஒரு கையை உயர்த்தி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டாள். கழுத்து நேரானது. முதுகு நேரானது. எதிரே இரண்டு பையன்கள் ஓடி வந்தார்கள்.

அம்மா ஒதுங்கவில்லை. பாதையின் நடுவே, நீந்துவதைப் போலப் போய்க்கொண்டிருந்தாள். பையன்கள்தான் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டார்கள்.

தூறல் நின்றதும் பிஜி பையை எடுத்தாள். அடுத்த ஆளுக்கு அம்மா புல்லில் நின்றாள்.

அன்றைக்கு முழுதும் பிஜி தப்புத் தப்பாக டிக்கெட் போட்டாள். நாகர்கோவில் போகிறவருக்குக் கொல்லம் அடித்துக் கொடுத்தாள். தன் கையால் எரித்த துணி. தன் வாயால் சொன்ன வாக்கு. தெரிந்தவர்கள் பார்த்தால், படிக்க வைத்த தாயின் தலையில் மறுபடியும் பாரம் ஏற்றிவிட்டாள் பார் என்பார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னல் கண்ணாடியில் அந்த நேரான முதுகுதான் மிதந்து வந்தது.

மறுநாள் காலை குளத்து வாசலில், பச்சைப் பலகைக்குக் கீழே, பிஜி பைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் பேசினை வெளியே எடுத்தாள். காலி பேசின். காற்றடித்தால் பறந்துவிடும்.

ஜெபமலர் பேசினைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். தோளிலிருந்த துவாலையை முறுக்கி வட்டமாகச் சுற்றி உச்சந்தலையில் வைத்தாள்.

"பிடிச்சு விடு," என்றாள்.

"நீயே வையேன். வெறும் பேசின்தானே."

"தனக்குத்தானே ஒருத்தியும் ஏத்தமாட்டா. கூட்டாளி பிடிச்சு விடணும்."

பிஜி இரண்டு கையாலும் பேசினைத் தூக்கினாள். சும்மாட்டின் மேல் அது உட்கார்ந்ததும் அம்மா கண்ணை ஒரு முறை மூடித் திறந்தாள்.

"நீ அந்தப் பக்கமா சுத்தி வா. பக்கத்துல நின்னு நீ பாத்துக்கிட்டிருந்தா எனக்கு நடை வராது."

பிஜி மறுபக்கமாகக் கிளம்பினாள். மஞ்சு அன்றைக்கு என்றுமில்லாத கனம். தன் காலடியே யாரோ பின்னால் வருவது போலக் கேட்டது. தண்ணீருக்குள் பார்த்தாள். வெள்ளைப் பாதை ஒன்று கீழே சுழன்று சுழன்று இறங்குவது போலவும், பெண்கள் ஒருவர் பின் ஒருவராக ஏறி வருவது போலவும், யாரும் நனையாதது போலவும் இருந்தது. பாதி தூரத்தில், முன்னால் போயிருந்த சேஷன் திரும்பி வந்து எதிர்ப்பட்டார்.

"குட்டி, உங்கம்மா தலையில என்னத்தையோ வச்சுண்டு வரா," என்றார் ரகசியம் போல. "நான் ஒதுங்கிட்டேன், கேட்டயா. சொல்லாமலே."

"நல்லது சாரே."

"அதுக்குள்ள என்ன இருக்கு?"

"நிறைய," என்றாள் பிஜி.

இன்னும் ஐம்பதடி. முதலில் சத்தம் வந்தது, ஒரு கால் அழுத்தி, ஒரு கால் மெல்ல. பின்பு தண்ணீரிலிருந்து எழுந்தது போல ஒரு சாம்பல் நிழல், தலைக்கு மேல் அகன்ற ஒரு வட்டம். கழுத்து அசையவில்லை. கைகள் இரண்டும் சும்மா தொங்கின. ஜெபமலர் எதையும் பார்க்காமல், எதற்கும் நிற்காமல், ஏறி வந்துகொண்டிருந்தாள்.

பிஜிக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவள் கால்தான் டைலை விட்டு இறங்கி ஈரப்புல்லில் நின்றது.

அம்மா கடந்து போனாள். போகிற போக்கில் கண்ணை மட்டும் ஒரு நூல் திருப்பினாள்.

"ஆபீசுக்கு நேரமாச்சு. பின்னாலே வா."