மூடியில் ஒரு ‘ஒ’

அந்த ஆய்வகத்தில் அவளுக்குக் ‘கையுறை’ என்று பெயர். வெறும் விரல் பட்டால் ஆர்.என்.ஏ. நொடியில் நாசமாகிவிடும் என்று சொல்லிச் சொல்லியே எல்லோர் உயிரையும் வாங்குவாள். வீட்டில் வெங்காயம் நறுக்கவும் கையுறைதான் என்று கதை கட்டிவிட்டது அவளுடைய அண்ணி. அண்ணன் மனைவி அதே ஆய்வகத்தில் டெக்னீஷியனாக வாய்த்தால், வீட்டு வம்பு அங்கே வராமல் எங்கே போகும்?

கையுறை இரண்டு வருடமாக ஒரே ஜீனைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். மீன் கருவின் இதயத்தில் அது வேலை செய்கிறது என்பது அவள் கட்சி. அதைக் கண்ணால் காட்ட இரண்டு ஆர்.என்.ஏ. இழைகள் தயாரிக்க வேண்டும். இரண்டிலும் ஊதா நிறம் வரவழைக்கும் அடையாளம் கோத்திருக்கும். ஒன்று, அந்த ஜீன் வேலை செய்யும் இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். மற்றது எங்கேயும் ஒட்டாது. ஒப்பிட்டுப் பார்க்க மட்டும். வெள்ளிக்கிழமைக்குள் நிறம் தெரியாவிட்டால் மீன்தொட்டிகள் வேறு குழுவுக்குப் போய்விடும் என்று ஆய்வகத் தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

இழைகளை அண்ணிதான் தயாரித்துக் கொடுத்தாள். கருக்களைக் கிண்ணத்துக்கு ஓர் இழையாக இரண்டு கிண்ணங்களில் மூன்று நாள் ஊறவைத்து, கழுவி, வியாழக்கிழமை மதியம் கையுறை மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். இதயம் தெரிய வேண்டிய முதல் கிண்ணத்தில் பத்துக் கருக்களிலும் பொட்டு நிறம் இல்லை. அவள் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

“உங்க கை பட்டுத்தான் கெட்டுப்போச்சு அண்ணி. கையுறை போடுங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்.”

அண்ணிக்கு முகம் செத்துப்போயிற்று. போட்டுக்கொண்டுதான் செய்திருந்தாள். கையுறை பார்க்காமலேயே ஒதுக்கிவிட்ட ஒப்பீட்டுக் கிண்ணத்தைக் கழுவ எடுத்தவள், கொட்டுவதற்கு முன் பழக்கதோஷத்தில் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் நிமிரவே இல்லை.

“இங்க வா. ஒண்ணும் தெரியக் கூடாத கிண்ணத்துல இதயம் தெரியுது.”

பத்துக் கருவிலும் இதயம் இருக்கும் இடத்தில் மட்டும் கடுகு போல ஊதா.

இருவரும் குப்பையைக் கிளறி, இழைகள் இருந்த காலிக் குழாய்களை எடுத்தார்கள். நகத்தளவு மூடியில் அண்ணியின் கையெழுத்தில் ‘ஒ’ என்று ஒரே எழுத்து. இன்னொரு மூடியில் ஒன்றும் இல்லை. இது என்ன ‘ஒ’ என்று கேட்டாள் கையுறை. ஒட்டுவது, வேறென்ன என்றாள் அண்ணி. கையுறை தலையில் கை வைத்துக்கொண்டாள். ஒப்பீடு என்று நினைத்து அதைத்தான் இரண்டாவது கிண்ணத்தில் ஊற்றியிருந்தாள்.

தலைவரிடம் எதையும் மறைக்கவில்லை. அவர் நெடுநேரம் குனிந்து பார்த்தார். மாறிப்போன குழாயை வைத்து எதையும் அடித்துச் சொல்ல முடியாது, மறுபடி செய்யுங்கள், அதுவரை தொட்டிகள் உங்களிடமே இருக்கட்டும் என்றார். போகும்போது அவர் சிரித்த மாதிரி இருந்தது.

இந்த முறையும் முழுசாக எழுத மூடியில் இடமில்லை; சுருக்கலாம் என்றால், ஒட்டும், ஒட்டாது, ஒப்பீடு எல்லாமே ‘ஒ’வில்தான் தொடங்கித் தொலைக்கின்றன. கடைசியில் சிவப்பு மூடி, நீல மூடி என்று முடிவாயிற்று. அண்ணி கையுறைப் பெட்டிக்குக் கை நீட்டினாள். நாத்தனார் தன்னுடையதைக் கழற்றிப் போட்டுவிட்டு, அந்த வெறும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இந்தக் கையை நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது அண்ணி.”

அண்ணி கையை இழுத்துக்கொள்ளவில்லை. கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

“சரி, விடு. ரெண்டு பேருக்கும் புதுக் கையுறை எடு.”