வெள்ளைத் துணியில் மஞ்சள் போக ஏழு வழிகள்

பெட்டியைத் திறந்தவள் மருதாள் அக்கா. திறந்த வேகத்தில் மூடியும் விட்டாள்.

"என்னக்கா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல கண்ணு. நீயே பாத்துக்க. நான் எதையும் பாக்கல."

பார்த்தேன். கைக்குழந்தைகள் போடும் வெள்ளைச் சட்டைகள். போன வாரம் நாங்களே மடித்து, பாலிதீன் உறையில் போட்டு, பெட்டி கட்டியவை. அப்போது பால் மாதிரி இருந்தன. இப்போது தோள் மடிப்பிலும் ஓரங்களிலும் மஞ்சள் ஏறிக் கிடந்தது. அடுத்த பெட்டியிலும் அப்படித்தான். ஜெனரேட்டர் அறைச் சுவரை ஒட்டி அடுக்கியிருந்த பெட்டிகளில் இன்னும் மோசம்.

எங்கள் முதலாளி மகுடேஸ்வரன் பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் தைத்துக் கொடுத்தே தலை நரைத்தவர். இத்தனை வருடமும் அடுத்தவன் பெயர் போட்ட பெட்டியைத்தான் லாரியில் ஏற்றினார். முதல்முறையாக இந்த ஆர்டரைத் தன் பெயரில் பிடித்திருந்தார். பெட்டியில் 'ரங்காத்தாள் கார்மெண்ட்ஸ்' என்று தன் அம்மா பெயரை நீல மையில் அச்சடித்து, அந்தப் பெட்டியை ஊட்டுக்குக் கொண்டுபோய் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டவர். நாளைக் காலை, வெளிநாட்டுக்காரருக்காகச் சரக்கு வாங்கும் பையிங் ஆபீசிலிருந்து பார்க்க வருகிறார்கள். வேண்டாம் என்றால் மறுபடியும் ஜாப் ஒர்க்தான். அடுத்த தடவை என்று ஒன்று கிடையாது. அது எனக்கும் தெரியும், ஊசி கோக்கிற பெண்ணுக்கும் தெரியும்.

அவர் வந்து பார்த்தார். கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"எதுக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு நிக்கறீங்க? ஒலகத்துல நமக்கு மட்டுமா இப்படி வந்திருக்கும்? சித்ரா, போன்ல தேடு."

தேடினேன். 'வெள்ளைத் துணியில் மஞ்சள் எப்படிப் போக்குவது' என்று போட்டேன். முதலில் வந்தது பல் வெளுக்கும் பேஸ்ட் விளம்பரம். அடுத்து சென்னையில் ஒரு சலவைக் கடை. அதற்கடுத்து மஞ்சள் தூள், மொத்த விலைக்கு, வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்களாம்.

"போக்கறதுக்கு வழி கேட்டா வாங்கறதுக்கு வழி சொல்றான்," என்றாள் மருதாள் அக்கா.

"இன்னும் கீழ போ கண்ணு," என்றார் முதலாளி.

கீழே போனேன். ஒரு பக்கத்தைத் தொட்டால் திரை முழுக்க ஒரு விளம்பரம் வந்து மறித்துக்கொள்ளும். அதை மூட மூலையில் கடுகளவு ஒரு பெருக்கல் குறி. பெட்டி கட்டித் தடித்த என் விரலுக்கு அது எங்கே சிக்கும்? மூடப் போனால் ரம்மி விளையாட்டு இறங்க ஆரம்பித்தது. இன்னொரு பக்கம், உங்களுக்குத் தகவல் அனுப்பலாமா என்று மரியாதையாகக் கேட்டது. அவசரத்தில் சரி என்று அமுக்கிவிட்டேன். அன்றிலிருந்து தினமும் எனக்கு ஒரு கார் பரிசு விழுந்துகொண்டிருக்கிறது.

ஒரு வீடியோ போட்டோம். 'ஹாய் மக்களே' என்று ஒரு பையன் வந்தான். சேனலைப் பற்றிச் சொன்னான். நாய்க்குட்டியைக் காட்டினான். கறை படிந்த பனியனைக் கையில் எடுத்தான். விளம்பரம் வந்தது. திரும்பி வந்தவன், இதைப் பற்றி அடுத்த வீடியோவில் பார்ப்போம் என்றான்.

"முந்தியெல்லாம் கேட்டா டக்குனு சொல்லுமுங்க," என்றேன். "இப்ப சந்தைக்குள்ள நின்னு வழி கேட்ட மாதிரி ஆயிருச்சு. கேட்டவனெல்லாம் கையப் புடிச்சு அவங்கடைக்கு இழுக்கறான்."

"பேசாமத் தேடு."

கடைசியில் ஒன்று கிடைத்தது. 'வெள்ளைத் துணியில் மஞ்சள் போக ஏழு வழிகள்: ஏற்றுமதித் தரம்.' விளம்பரத் தொல்லை இல்லை. நான் உரக்கப் படித்தேன். "குழந்தை என்பது ஒவ்வொரு குடும்பத்தின் மகிழ்ச்சி ஆகும். மஞ்சள் என்பது ஒரு நிறம் ஆகும்."

"ஆமா, இத்தன நாளு எங்களுக்குத் தெரீல பாரு," என்றாள் மருதாள் அக்கா.

இரண்டாவது வழி, நல்ல துணியாகப் பார்த்து வாங்கச் சொன்னது. நான்காவது வழியும் முதல் வழியும் ஒன்றுதான், வார்த்தைகளை மட்டும் மாற்றிப் போட்டிருந்தது. ஏழாவது வழியாகச் சமையல் சோடா வந்தது. வெந்நீரில் சோடாவைக் கரைத்து ஊறவைத்தால் மஞ்சள் முற்றிலும் மறையும். அதன் கீழே, 'திருப்பூரின் அனுபவமிக்க உற்பத்தியாளர்கள் பரிந்துரைப்பது' என்றிருந்தது.

முதலாளி முகம் அப்போதுதான் தெளிந்தது. "பாத்தியா? நம்மூர்க்காரன் எழுதீருக்கறான். மெட்ராஸ்காரன், பம்பாய்க்காரன் சொன்னா யோசிக்கோணும். திருப்பூர்க்காரனுக்குத் தெரியாத பனியனா?"

"மொதல்ல ஒரு பீஸ் போட்டுப் பாக்கலாமுங்க."

"ஒரு பீஸ்ல என்ன தெரியும்? ஒரு கட்டா போடு."

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வெந்நீர் வைத்து, சோடா கரைத்து, ஒரு கட்டுச் சட்டையை முக்கினோம். ஓரத்தில் மட்டும் இருந்த மஞ்சள் எங்கள் கண்முன்னே அடர்ந்து உள்ளே பரவியது. மாரியம்மன் நோம்பிக்கு மஞ்சத்தண்ணி ஊற்றிக்கொண்ட பிள்ளைகளின் சட்டை மாதிரி வெளியே வந்தது.

முதலாளி என் போனை வாங்கி, அந்தக் கட்டுரையின் அடிவரை இழுத்துக்கொண்டு போனார். 'மேலும் ஆலோசனைக்கு எங்களை அழையுங்கள்' என்று ஒரு நம்பர் இருந்தது.

"இவன இன்னிக்கு உட்டனா பாரு," என்று தன் போனில் நம்பரை அடித்தார்.

அதே நேரத்தில் பேக்கிங் அறையில் டெலிபோன் மணி அடித்தது. பழைய டெலிபோன், யார் கூப்பிடுகிறார்கள் என்று காட்டாது. பையிங் ஆபீஸாக இருக்குமோ என்று ஓடிப்போய் எடுத்தேன்.

"வணக்கம், ரங்காத்தாள் கார்மெண்ட்ஸுங்க."

"யோவ், அறிவிருக்குதா உனக்கு? சோடாவாமா சோடா! நீயெல்லாம் பனியன் தெக்கறியா, இல்ல பலகாரம் சுடறியா?"

குரல் ஒரு காதில் டெலிபோன் வழியாகவும், மறு காதில் ஜன்னல் வழியாகவும் வந்தது.

"மொதலாளி, நான் சித்ராங்க."

"நீ எதுக்கு அவன் போன எடுக்கற?"

"இது நம்ம போனுங்க."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். போனைக் காதிலிருந்து எடுத்து, அந்த நம்பரை அவர் ஒரு தடவை பார்த்தார். பிறகு சுவரில் எழுதியிருந்த கம்பெனி நம்பரைப் பார்த்தார்.

போன வருடம் முகிலன் என்று ஒருவன் வந்திருந்தான். உங்கள் கம்பெனிக்கு வெப்சைட் போட்டு, தேடினால் முதல் பக்கத்தில் வருகிற மாதிரி செய்து தருகிறேன் என்றான். முதலாளி ஒத்துக்கொண்டார். இந்த ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக்காரரும் அந்த முதல் பக்கத்தைப் பார்த்துத்தான் வந்தார், அதையும் சொல்லியாக வேண்டும்.

முதலாளி அவனைக் கூப்பிட்டார். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"அண்ணா, சொல்லுங்ண்ணா!"

"இந்த ஏழு வழி எவன்யா எழுதுனது?"

"அதுங்ளாண்ணா! செமையா மேல ஏறீருச்சுங்ண்ணா. யாரும் எழுதலீங்ண்ணா, கம்ப்யூட்டரே எழுதிக்கும். உங்க சைட்டுல அந்த மாதிரி நெறையப் போட்டிருக்கறனுங். கொழந்தைக்குப் பேர் வெக்கறது, பல்லி உழுந்தா என்ன பலன், எல்லாமே."

"பல்லிக்கும் பனியனுக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"ஆளுக உள்ள வரோணுமில்லீங்ளா."

"மொதல்ல அந்த சோடாவத் தூக்கு. தூக்கித் தொலை."

"தூக்கலாங்ண்ணா. ஆனா நீங்க கீழ போயிருவீங்க. அப்பறம், மத்த சைட்டுக்காரங்க அதக் காப்பி அடிச்சுப் போட்டுட்டாங்க. நீங்க தூக்குனாலும் அது எங்கியும் போகாதுங்ண்ணா."

நொய்யல் ஆற்றில் சாயத்தண்ணீரை விட்டுவிட்டுக் குடிதண்ணீருக்கு லாரி பிடித்த ஊர் இது. இதற்கு மேல் இதைப் பற்றி நான் என்ன சொல்ல?

"அந்தக் கெரகத்த அப்பறம் பாப்பம்," என்றார் முதலாளி. "துணி வெளுத்த எடத்துல கேளு."

எங்கள் துணி வெளுத்து வந்த டையிங் பட்டறையில் பிரபாகர் என்பவர் லேப் பார்க்கிறார். போன் செய்தோம், எடுக்கவில்லை. மறுபடி செய்தோம், கட் செய்தார். முதலாளி ஸ்கூட்டரைக் கிளப்பினார். நான் மஞ்சள் சட்டை ஒன்றை அதன் உறையோடு எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினேன்.

"போன எடுக்கறதில்லையா தம்பி?" என்றார் முதலாளி, லேப் வாசலிலேயே.

"தெரியாத நம்பருங்க. காலைலருந்து லோன் வேணுமான்னு கேட்டுட்டே இருக்கறாங்க. இப்பெல்லாம் நான் எங்கம்மா நம்பர மட்டும்தான் எடுக்கறதுங்க." சட்டையை வாங்கினார். உறையைக் கையில் தேய்த்துப் பார்த்தார். "ஜெனரேட்டர் பக்கத்துல வெச்சிருந்தீங்களா?"

"ஆமா, எப்படிக் கண்டுபுடிச்சே?"

"வெல கம்மியான பாலிதீன் கவர்ல ஒரு மருந்து போடுவாங்க. அதோட டீசல் பொகை சேந்தா வெள்ளத் துணி மஞ்சளாயிரும். கறையில்லீங்க இது, தொவைக்க வேண்டாம். கவரக் கழட்டி நல்ல வெயில்ல போடுங்க, போயிரும். சோடா மட்டும் பட்டுறக் கூடாது, இன்னும் ஏறிக்கும்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"தம்பி, இது நீ நெட்டுல பாத்துச் சொல்றதா?"

"இல்லீங்க. எங்களுக்கே ரெண்டு தடவை ஆயிருக்குதுங்க. ஓனர்கிட்ட வாங்குன திட்டு இன்னும் காதுலயே இருக்குது."

அதைக் கேட்ட பிறகுதான் அவருக்கு நம்பிக்கை வந்தது.

திரும்பும்போது உச்சி வெயில். வழியில் நல்ல உறையாகத் தேடிப் பிடிப்பதற்கே வெகுநேரம் ஆனது, பாலத்தடியில் வேறு வண்டிகள் நகரவே இல்லை. அத்தனை நேரமும் சட்டையை வெயில் படும்படி கையில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கம்பெனியில் இறங்கிப் பார்த்தால், சட்டை வெளுத்திருந்தது. நான் பிடித்திருந்த தோள் பக்கம் மட்டும் என் நான்கு விரலும் மஞ்சளாக நின்றன.

முதலாளி மொட்டை மாடிப் படியேறினார்.

தையல் லைனை நிறுத்திவிட்டு எல்லோரும் மேலே போனோம். தையல்காரர்கள், செக்கிங் பெண்கள், பீகார்ப் பையன்கள், எல்லோரும். பழைய வேட்டிகளை விரித்து, கயிறு கட்டி, சட்டையைப் போட்டுத் திருப்பித் திருப்பிக் காயவைத்தோம். வெறுங்காலோடு நின்றவர்கள் ஓரிடத்தில் நிற்க முடியாமல் குதித்துக்கொண்டே வேலை செய்தார்கள். நடுவில் கீழே பேக்கிங் அறையில் டெலிபோன் அடித்தது, நானும் முதலாளியும் இறங்கி ஓடினோம். குன்னத்தூரிலிருந்து ஒரு அம்மா. பேரன் சட்டைக்கு சோடா எத்தனை கரண்டி போடுவது என்று கேட்டது. முதலாளி போனைப் பிடுங்கி, "சோடா வேண்டாஞ் சாமி! வெயில்ல போடுங்க, வெயில்ல!" என்று கத்தினார். நன்றி சொல்லிவிட்டு, பேரனுக்குப் பெயர் வைக்கவும் உங்களிடம்தான் கேட்க வேண்டுமா என்று அந்த அம்மா கேட்டதாம்.

அன்றைக்கே முடியவில்லை. மறுநாள் காலை மீதியை விரித்துக்கொண்டிருக்கும்போதே கீழே கார் வந்து நின்றது. பையிங் ஆபீஸ் மோனிஷா மேடம். சின்னப் பெண்தான், ஆனால் கண் கூர்மை.

கீழே பாதி இடம் காலியாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, "மீதிப் பெட்டியெல்லாம் எங்கங்க?" என்றது. பிறகு நேராக மாடிக்கு வந்துவிட்டது. விரித்துக் கிடந்த சட்டைகளைப் பார்த்து முகம் இறுகியது. "தொவைச்சிருக்கீங்களா? தொவைச்ச சரக்கு நாங்க எடுக்கமாட்டோம்."

சாரல் அடித்துப் பெட்டி நனைந்துவிட்டது என்று சொல்லிவிடலாம் என்று காலையில் மருதாள் அக்கா சொல்லியிருந்தாள். முதலாளியும் அப்போது வேண்டாம் என்று சொல்லவில்லை. இப்போது வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"மஞ்சளாயிருச்சுங்க மேடம். கவரு சரியில்ல, ஜெனரேட்டர் பொகை பட்டிருச்சு. தப்பு எங்களுதுதான். தொவைக்கல, வெயில்லதான் போட்டிருக்கறோம். கவர் பூரா மாத்தியாச்சு. ஒரே ஒரு கட்ட மட்டும் சோடாவுல போட்டுக் கெடுத்துட்டேன், அதத் தனியா வெச்சிருக்கறேன்."

"வெயில்ல போட்டா போயிருமா?" மோனிஷா மேடம் போனை எடுத்தது. "இருங்க, தேடிப் பாக்கறேன்."

"அம்மிணி!" முதலாளி போட்ட சத்தத்தில் பீகார்ப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அத மட்டும் பண்ணீராதீங்க. உங்க கையாலயே வெயில்ல போட்டுப் பாருங்க."

இன்னும் பிரிக்காத பெட்டி ஒன்றைத் தள்ளிவைத்தார். அந்தப் பெண் அதிலிருந்து ஒரு மஞ்சள் சட்டையை எடுத்து, உறையைக் கழற்றி, கைப்பிடிச் சுவரில் விரித்தது. தன் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி, மஞ்சள் அடர்ந்த இடத்தின்மேல் வைத்தது. கீழே போய் மற்ற பெட்டிகளில் தனக்குத் தோன்றியதையெல்லாம் பிரிக்கச் சொல்லி, தையலை இழுத்து, பட்டனைத் திருகி, தேடித் தேடிப் பார்த்தது. முதலாளிக்குக் கொண்டுவந்த டீ ஆடை கட்டி நின்றது.

மேலே போய் அட்டையை எடுத்தது. அதனடியில் நீளச் சதுரமாக மஞ்சள். மற்ற இடமெல்லாம் வெள்ளை.

"இது எனக்கு வேணும்," என்று அந்தச் சட்டையை மடித்துப் பையில் வைத்தது. "சோடா கட்டு ரிஜெக்ட். மீதியெல்லாம் இன்னைக்கே காயவெச்சு, புதுக் கவர் போட்டு, ஜெனரேட்டர்கிட்ட இல்லாம அடுக்குங்க. சாயந்தரம் மறுபடி வந்து பாத்துட்டுத்தான் கையெழுத்து."

மேடம் சாயங்காலம் மறுபடி வந்தது. பார்த்தது. கையெழுத்துப் போட்டது.

பொழுது சாயும்போது லாரி வந்தது. ஏற்றுகிறவர்கள் வேலை முடிந்து ஊட்டுக்குப் போகும் அவசரத்தில் பெட்டிகளை வீசினார்கள். ரங்காத்தாள் கார்மெண்ட்ஸ் பாதிப் பெட்டிகளில் தலைகீழாக நின்றது.

"திருப்பி வெக்கச் சொல்லட்டுங்களா?" என்றேன்.

முதலாளி அந்த நீல எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வெயிலில் முகமெல்லாம் கறுத்திருந்தது.

"வேண்டாங் கண்ணு. எறக்கறவன் திருப்பிக்குவான். லாரி கெளம்பட்டும்."