திட்டு விழுகிற வேலை

வகுப்பில் பேச வந்திருந்த போங் கிதேயின் குரலைக் கேட்டதுமே பார்வையில்லாத மாணவி சொரினுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. முழுக்கப் பார்வை இல்லாதவர், சியோலில் ஒரு கம்பெனியில் எட்டு வருடமாகப் புரோகிராமர் என்று, நாம் என்ற பெயர் கொண்ட வகுப்பு டீச்சர் மூன்று முறை சொன்னார். ஒரு முறை சொன்னால் போதாதா? உண்மைக்கு எதற்கு இத்தனை அழுத்தம்?

அன்று மாலை நான்கு மணிக்குள் சொரின் விண்ணப்பம் கொடுத்தாக வேண்டும். ஒன்று, இதே பார்வையற்றோர் பள்ளியில் இரண்டு வருட மசாஜ் படிப்பு. கொரியாவில் மசாஜ் உரிமம் பார்வையில்லாதவர்களுக்கு மட்டும்தான், வேலை கைமேல். இன்னொன்று கல்லூரியில் கம்ப்யூட்டர். அதைப் போட்டால் மசாஜ் இடம் வேறொருத்திக்குப் போய்விடும். அப்பா மசாஜ் என்றே முடிவு கட்டிவிட்டார்.

கிதே மடிக்கணினியைத் திறந்து தட்டத் தொடங்கினார். சொரின் காதைத் தீட்டிக்கொண்டாள். தட்டுகிற சத்தம் மட்டும்தான். கணினி வாய் திறக்கவே இல்லை. அப்படியானால் இந்த ஆள் திரையைப் பார்க்கிறார்.

"சார், உங்களுக்குக் கொஞ்சம் தெரியும்தானே? மறைக்காதீங்க."

கிதே தன் காதில் செருகியிருந்த சின்ன ஒலிக்கருவியைக் கழற்றி அவள் காதில் வைத்தார். கடுகு பொரிகிற வேகத்தில் ஒரு குரல் திரையை வாசித்துக்கொண்டு ஓடியது. பத்தில் இரண்டு சொல்தான் அவளுக்குப் பிடிபட்டது.

சரி, பார்வை இல்லை. ஆனால் பெரிய சந்தேகம் இன்னும் பாக்கி இருந்தது. பள்ளியில் இவளுக்கு மூத்தவள் யூன்பி இப்படித்தான் கம்பெனி வேலை என்று போனாள். காலை ஒன்பதுக்கு "வந்துட்டேன்", மாலை ஆறுக்கு "கிளம்புறேன்" என்று வீட்டிலிருந்தே செய்தி அனுப்ப வேண்டும். நடுவில் ஒரு துரும்பு வேலை கிடையாது. மாற்றுத்திறனாளிகள் இத்தனை பேர் என்று கணக்குக் காட்டாவிட்டால் கம்பெனிக்கு அபராதம். அதற்காகச் சும்மா ஒரு பெயர். கிதேயும் அப்படித்தானோ? ஒரு வருடத்தில் யூன்பிக்குப் பேச்சே குறைந்துபோயிற்று.

கிதே ஒன்றையும் பூசி மெழுகவில்லை. வேலைக்கான பரீட்சையே பல இடங்களில் நம் கணினிக்கு வாசிக்க வராது, ஐந்து கம்பெனி என்னைத் திருப்பி அனுப்பியது, கணக்குப் பாடத்தை மட்டும் விட்டுவிடாதே என்றார். நல்ல பேச்சுதான். நல்ல பேச்சை யாரும் மனப்பாடம் பண்ணலாமே.

"சார், உங்களைக் கடைசியா யாரு திட்டினாங்க?"

நாம் டீச்சர் இருமினார். கிதே சிரித்தார்.

"போன வாரம்மா. எங்க ஆன்லைன் கடையில ஆர்டர் போடுற பொத்தானை வெள்ளை மேல வெள்ளையா வச்சுட்டேன். எனக்கு அழகா 'ஆர்டர், பொத்தான்'னு வாசிச்சுது. கண்ணு இருக்கிறவங்க ஒருத்தருக்கும் தெரியலை. நாப்பது நிமிஷம் கடையே படுத்துடுச்சு."

"கதை நல்லாத்தான் இருக்கு. திட்டினவங்களுக்கு இப்ப ஒரு போன் போடுங்களேன்."

"வேணாம்மா. அந்தம்மா ஏற்கெனவே கொதிச்சுக்கிட்டு இருக்காங்க."

"அப்ப போட மாட்டீங்க."

அவர் பெருமூச்சு விட்டு எண்ணை அழுத்தி, குரலை வெளியில் விட்டார். எடுத்தது அவருடைய குழுத் தலைவி. வணக்கம்கூட இல்லை.

"கிதே, மூணு மணிக்குள்ள அந்த வெப் பக்கம் தயாராகி வரணும்னு சொன்னேனா இல்லையா? இப்ப மணி ரெண்டரை. போன தடவை மாதிரி எதையாவது ஒளிச்சு வச்சே, நான் அங்கேயே வந்துடுவேன். கண்ணு தெரிஞ்ச யாரையாவது பார்க்கச் சொல்லிட்டு அனுப்பு."

போன் பட்டென்று வைக்கப்பட்டது.

"பேசி வச்சுக்கிட்டீங்களா ரெண்டு பேரும்?" என்றாள் சொரின். கிதே அவளை மறந்தே போயிருந்தார். இருந்த இடத்திலேயே மளமளவென்று தட்டினார். பார்லி டீயை யாரோ நீட்டியபோது வேண்டாமென்று தள்ளியதில் கோப்பை சாய்ந்தது, அதையும் கவனிக்கவில்லை. கால் மணி கழித்து, "டீச்சர், கொஞ்சம் திரையைப் பாருங்க, எல்லாம் தெரியுதா?" என்றார்.

நாம் டீச்சர் குனிந்து பார்த்தார். தயங்கித் தயங்கிச் சொன்னார், "மேல இருக்கிறதெல்லாம் சரியா இருக்குங்க. கீழ ஒரு பெட்டி காலியா இருக்கு. உள்ள எழுத்து இருக்கா என்ன?"

கிதே வாய்க்குள் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். பிள்ளைகள் முன்னால் சொல்லக்கூடியது அல்ல அது. விரல்கள் முன்னைவிட வேகமாக ஓடின.

சொரின் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். போனில் ஒருவரைப் பேசச் சொல்லி வைக்கலாம். இந்தப் பதற்றத்தைச் சொல்லி வைக்க முடியாது. சும்மா பெயருக்கு உட்கார வைத்த ஆள் இப்படிப் பறக்க மாட்டார்.

அவள் எழுந்து மேசையைத் தடவி, டீச்சரின் கையில் விண்ணப்பத்தைத் திணித்தாள்.

"கம்ப்யூட்டர்னு போடுங்க டீச்சர். அப்பாகிட்ட நானே பேசிக்கிறேன்."

பிறகு சத்தம் வந்த பக்கம் திரும்பினாள். "உங்க நம்பரைக் குடுத்துட்டுப் போங்க சார். மாசா மாசம் கூப்பிடுவேன். திட்டு நின்னுபோச்சுன்னா எனக்குச் சொல்லணும்."

கிதேயின் காதில் அது விழவில்லை. மணி மூன்றாக இன்னும் எட்டு நிமிடம்தான் இருந்தது.