ராகிக்குழி மேல் நாற்காலி

சவுரியப்பன் தந்திக் கம்பியை அறுத்துவிட்டு ஓடிவந்து ராகிக்குழிக்குள் ஒளிந்தது நாற்பத்திரண்டாம் வருசம். இண்டூர்ப் பக்கம் களத்து மண்ணில் ஆழக் குழி வெட்டித்தான் ராகி கொட்டி வைப்பார்கள், கண்ணுங்களா. வாயில் பலகைக்கல், அதன்மேல் வைக்கோல். தம்பியின் மூச்சுக்காக அக்கா சகாயமேரி கல்லை ஒரு விரற்கடை தள்ளி வைத்திருந்தாள்.

தேடிவந்த வெள்ளைக்கார துரை, நிழலைப் பார்த்து அந்த வைக்கோல் மேலேயே நாற்காலியைப் போட்டான். வைக்கோல் அமுங்கி அந்த இடுக்கை அடைத்துக்கொண்டது.

மிஷன் துரைசாணி வீட்டில் வளர்ந்து இங்கிலீஷ் கற்றவள் என்று, ஊராரைக் கேட்டுச் சொல்ல சகாயமேரியையே பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள்.

துப்பாக்கியைக் கண்டதும் பக்கத்து வூட்டு முனியாயிக் கிழவிக்கு நாக்கு புரண்டது. "குழிக்குள்ளே இருக்கிறான்" என்று தன் கன்னடத்தில் உளறிவிட்டாள். தெற்கத்திப் போலீஸ்காரன் சென்னப்பனுக்கு அது விளங்கவில்லை. ஆனால் கிழவியின் கை மண்ணைக் காட்டியதே!

"ஹிட்டன்?" என்றான் துரை.

வத்தல்மலையில் பனி இறங்கினால் 'மிஸ்டி' என்பாள் துரைசாணி. விளக்குத் திரி குறைந்தால் 'டிம்'. இவற்றில் யார்மேலும் குற்றமில்லை. 'ஹிட்டன்' என்றால் ஒளித்து வைத்தது; அது மட்டும் அப்படியல்ல. மறைத்த கை ஒன்று அதற்குப் பின்னால் இருக்கும்.

சகாயமேரி கிழவியின் இமையைத் தொட்டுக் காட்டி இங்கிலீஷில் சொன்னாள். "நோ சார். டிம். கண்ணுக்கு எல்லாமே மிஸ்டி. எங்கே காட்டுறோம்னு அதுக்கே தெரியாது."

துரை சைகை செய்ய, சென்னப்பன் லத்தியை நீட்டினான். "ஆயா, இது என்ன?"

ராகியில் கிடக்கும் குறுமணலை எட்ட நின்றே காட்டுகிறவள் முனியாயி. அவள் மேரியின் முகத்தைப் பார்த்தாள். லத்தியைப் பார்த்தாள்.

"யாரு சாமி, உங்க சம்சாரமா? ரொம்ப இளைச்சிருக்குதே, கஞ்சி ஊத்தறதில்லையா?"

துரைக்குத் தமிழ் புரியவில்லை. சென்னப்பன் முகம் போன போக்கு புரிந்தது. சிரித்துக்கொண்டே எழுந்தான். மோட்டார் திரும்பிப் புழுதி அடங்குகிறவரை சகாயமேரி அசையவில்லை.

பிறகு கல்லைப் புரட்டினாள். "தம்பி!"

அடியில் சவுரியப்பன் சாய்ந்து கிடந்தான். குதிக்கப் போனவளின் முந்தானையை முனியாயி இழுத்துப் பிடித்தாள். "விளக்கை வுடுடி முதல்ல! உள்ள கெட்ட காத்து, அது அணைஞ்சா நீயும் பொணம்."

கயிற்றில் கட்டிய விளக்கு இறங்கியது. சுடர் சுருங்கியது, நீலமானது. அழுகையில் சகாயமேரிக்கு ஒன்றும் தெரியவில்லை.

"விளக்கு அணைஞ்சு போச்சா ஆயா?"

கிழவி குழிக்குள் தலையை நீட்டினாள்.

"எரியுதுடி. அவன் விரலு அசையறதுகூட எனக்குத் தெரியுது. இறங்கு!"