நேரில் எடுத்த தண்ணீர்

ஜீப்பை விட்டு நான் இறங்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்ல நாக்கு எழாது. 1974, மாசி மாதம், காலை பத்து மணி. கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குக் கிழக்கே ஒன்றரை மைலில் இருந்த காலனிக்கு வெளியே, வண்டிப்பாதை முடிகிற இடத்தில் டிரைவர் சடையப்பன் ஜீப்பை நிறுத்தினான். அங்கிருந்து பார்த்தாலே கிணறு தெரிந்தது. நடந்தால் இருநூறு அடி இருக்கும். நடுவில் ஒரு வாய்க்கால். கம்பி இழுக்கும் கம்பெனி ஒன்று மேற்கே புதிதாக வந்திருந்தது. துருப்பிடித்த இரும்பை அமிலத்தில் முக்கிக் கழுவிவிட்டு, கழுவிய தண்ணீரை அந்த வாய்க்காலில்தான் விட்டார்கள். வாய்க்கால் மண் வெற்றிலைச் சாறு துப்பின நிறத்தில் இருந்தது. ஒரு புளித்த நாற்றம். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, “ஷூ நனையும்பா, யாரையாவது கூப்பிடு” என்றேன் சடையப்பனிடம். ஷூ காரணமில்லை. அது சேரி. நான் திருநின்றவூரில் மடியும் ஆசாரமுமாக இருக்கிற வீட்டுப் பிள்ளை. எம்.எஸ்சி. படித்தால் அது போய்விடும் என்று யார் சொன்னது?

எங்கள் ஆய்வு நிறுவனம் சென்னையில் இருந்தது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் வரத் தொடங்கியிருந்ததால் தொழில், நிலம், நீர், மக்கள் வருமானம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஆய்வாகச் செய்யச் சொல்லி டெல்லியிலிருந்து நிதி வந்தது. ஒரு இன்ஜினீயர் வாய்க்காலை அளந்தார். ஒரு பொருளாதாரக்காரர் அறுபத்திரண்டு கேள்விகள் அச்சடித்த படிவத்தோடு வீடு வீடாகப் போனார். தண்ணீரைச் சோதிக்கிற வேதியியல் ஆள் நான். இவ்வளவு பேரும் ஒரே ஜீப்பில் போய் ஆளுக்கொரு ஊரில் இறங்கிக்கொண்டோம், ஒரே ஹோட்டலில் நாஷ்டா தின்றோம், ஒருவர் எழுதினதை ஒருவர் படித்ததில்லை. கூட்டாய்வு என்று அதற்குப் பெயர்.

சடையப்பன் கூப்பிட்டதும் ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிறு சிலுவை. சாராள் என்று பெயர் சொன்னாள். நான் உட்கார்ந்தபடியே இரண்டு கண்ணாடி பாட்டில்களை நீட்டி, “உங்க கிணத்துத் தண்ணி இதுல ரொப்பிக்கொண்டா” என்றேன். அவள் பாட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கிணற்றைத் திரும்பிப் பார்த்தாள். “கொஞ்சம் நேரம் ஆவும் சார்” என்று சொல்லிவிட்டுப் போனாள். இருநூறு அடிக்கு என்ன நேரம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. நான் தினசரியைப் பிரித்துக்கொண்டேன். ஒன்றேகால் மணி நேரம் கழித்து, புடவைத் தலைப்பால் துடைத்த பாட்டில்களோடு வியர்க்க வியர்க்க வந்து கொடுத்தாள். சோம்பேறிகள் என்று நினைத்துக்கொண்டேன். படிவத்தில் ‘மாதிரி எண் 17’ என்று எழுதி, ‘எடுத்தவர்’ என்ற இடத்தில் ‘நேரில் எடுத்தேன், துளசிராமன்’ என்று கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து பார்க்க லட்சணமாக இருக்கும்.

சோதனையில் பதினேழாம் எண் தங்கம் போல வந்தது. நாற்பத்தொரு மாதிரியில் அதுதான் நல்ல தண்ணீர். கம்பெனிக் கழிவு போகிற வாய்க்காலுக்குப் பக்கத்தில் இருந்தும் கெடவில்லை என்றால் மண் நன்றாக வடிகட்டுகிறது என்று பொருள், இது முக்கியமான கண்டுபிடிப்பு என்றார் எங்கள் திட்டத் தலைவர் அருணாச்சலம். அதற்கென்று இரண்டு பக்கம் எழுதினார். மண்ணின் வடிகட்டும் திறன் பற்றி அவர் ஒரு கருத்தரங்கிலும் பேசி, கைதட்டல் வாங்கி வந்தார்.

ஆடி மாதம் இரண்டாம் சுற்றுக்குப் போனோம். அதற்குள் எங்கள் இடைக்கால அறிக்கை யூனியன் ஆபீசுக்குப் போயிருந்தது. அந்த வட்டாரத்துக்கு ஒரே ஒரு போர் போடுகிற மிஷின் வரப்போகிறது, எந்தெந்த ஊரில் போர் போட்டு அடிபம்பு வைப்பது என்று எங்கள் அட்டவணையைப் பார்த்து முடிவு செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். அப்பாடா, நம் வேலையாலும் நாலு பேருக்குத் தண்ணீர் கிடைக்கிறதே என்று எனக்குப் பெருமைகூட வந்தது. காலனி எல்லையில் ஜீப் நின்றதும் சாராள் தானாகவே வந்தாள். இந்தத் தடவை குரல் தழைந்திருந்தது.

“சார், எங்க பேரு லிஸ்டுல இல்லியாமே. யூனியன் ஆபீசுல கேட்டா, உங்க தண்ணி நல்ல தண்ணி, போம்மான்றாங்க.”

“நல்ல தண்ணிதாம்மா. நானே டெஸ்ட் பண்ணேன்.”

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். “அது ஸ்டேஷன் கொயா தண்ணி சார்.”

ஸ்டேஷன் குழாய்த் தண்ணீர் என் பாட்டிலுக்குள் எப்படி வந்தது என்று எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். “பெரிய மனுஷங்க ஊடு தேடி வந்து தண்ணி கேக்குறீங்க. அந்த நாத்தத்தயா மொண்டு குடுப்பாங்க? ஓடிப் போயி ஸ்டேஷன்ல புடிச்சாந்தேன். அவசரத்துல ஓடனேன், இல்லாங்காட்டி இன்னும் நேரம் ஆயிருக்கும். பாட்டிலு உள்ள இன்னாவோ கொஞ்சம் தண்ணியாட்டம் இருந்திச்சி. சாம்பலு போட்டு நல்லா தேச்சிக் கய்வினேன். கை ரெண்டு நாளு எரிஞ்சிச்சி.”

பாட்டிலுக்குள் இருந்தது நைட்ரிக் அமிலம். தண்ணீரில் உள்ள உலோகம் பாட்டிலில் ஒட்டாமலிருக்க முன்கூட்டியே சில சொட்டு விட்டுவைப்போம். அதைத் தொடாதே என்று ஒரு வார்த்தை சொல்லக்கூட நான் வாயைத் திறக்கவில்லை. கழிவுத் தண்ணீரைக் குடிக்கிறவளிடம் அமிலத்தைக் கொடுத்து, விருந்தாளிக்கு மரியாதை செய்யவைத்து, அந்த மரியாதையை டெல்லிக்கு அறிக்கையாக அனுப்பியிருக்கிறேன். சடையப்பன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு முன்பே தெரியுமா என்று திரும்பும்போது கேட்டேன். “அந்தம்மா ரயில் ரோட்டுப் பக்கம் ஓடுறத பாத்தேன் சார். நீங்க பேப்பர் படிச்சிக்கினு இருந்தீங்க” என்றான்.

அன்றிரவு பயணியர் விடுதியில் அந்த இடைக்கால அறிக்கை முழுவதையும் முதல் முறையாகப் படித்தேன். பொருளாதாரக்காரர் முப்பத்தொன்றாம் பக்கத்தில் எழுதியிருந்தார், இந்தக் காலனிப் பெண்கள் தினமும் இரண்டரை மணி நேரம் ஸ்டேஷனுக்கு நடந்துபோய்த் தண்ணீர் கொண்டுவருகிறார்கள் என்று. நாற்பத்துநாலாம் பக்கத்தில் நான் எழுதியிருந்தேன், கிணற்றுத் தண்ணீர் குடிக்க ஏற்றது என்று. இரண்டையும் சேர்த்துப் படித்த ஒரு ஆத்மா முடிவுரையில் எழுதியிருந்தது: வீட்டு வாசலில் நல்ல நீர் இருந்தும் பழக்கத்தின் காரணமாகத் தொலைவுக்குச் செல்கிறார்கள், இவர்களுக்கு விழிப்புணர்வு தேவை. விழிப்புணர்வாம். த்தூ. காறித் துப்பலாம் என்றால் யார்மேல் துப்புவது, எல்லாப் பக்கத்திலும் என் கையெழுத்து.

மறுநாள் காலனிக்குள் போனேன். வாய்க்காலைத் தாண்டி, ஷூவோடு. கிணற்றில் நானே வாளியை இறக்கினேன். சுற்றுச்சுவரின் உட்புறம் பழுப்பாகப் பத்தை பத்தையாகப் படிந்திருந்தது. மேலே வந்த வாளியில் முதலில் தெளிவாகத்தான் இருந்தது தண்ணீர். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சளித்து, கலங்கி, மேலே எண்ணெய்போல ஒரு ஆடை கட்டியது. நுனி நாக்கில் வைத்தேன், துருப்பிடித்த ஆணியைச் சப்பின ருசி. பாத்திரம் கழுவவும் குளிக்கவும் இதுதான், ரயில் தாமதமாகி ஸ்டேஷனில் கூட்டம் நின்றால் குடிக்கவும் இதுதான் என்றாள் சாராள். பிள்ளைகளின் முழங்காலுக்குக் கீழே சொறிந்து சொறிந்து தோல் தடித்திருந்தது. ஒரு பிள்ளை என் ஷூவைத் தொட்டுப் பார்த்தது. நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை, அதற்காக எனக்கு யாரும் மாலை போட வேண்டியதில்லை.

சென்னையில் அருணாச்சலத்தின் அறையில் புது முடிவை வைத்தேன். இரும்பு மட்டும் அனுமதித்த அளவைப்போல நாற்பது மடங்கு. நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், நிதானமாக.

“நீ ஜீப்லேயே இருந்தேன்னு எழுதினா என்ன ஆகும் தெரியுமா? பதினேழு மட்டும் போகாது. நாப்பத்தொண்ணும் சந்தேகம்னுடுவான். இன்ஜினீயர் வேலை, எகனாமிக்ஸ் வேலை, எல்லாம் குப்பை. அடுத்த மூணு வருஷ நிதி போச்சு. உன் உத்தியோகம் இன்னும் நிரந்தரம் ஆகலை. யோசிச்சுக்கோ.”

“அந்த ஜனங்களுக்குத் தண்ணி வேணுமே சார். வெள்ளிக்கிழமை லிஸ்ட் கலெக்டர் ஆபீசுக்குப் போயிடும்.”

“வேண்டாம்னு யார் சொன்னா? திருத்தம் அனுப்பறேன். கிராமத்து ஆளுங்க மாதிரியை மாத்திக் கொடுத்துட்டாங்க, ஆய்வாளரை ஏமாத்திட்டாங்கன்னு எழுது. அவங்கள்ல ஒருத்தர்கிட்ட கையெழுத்து வாங்கிடு, ஒண்ணு போதும். அவங்களுக்குப் போர், உனக்கு வேலை. யாருக்கு நஷ்டம்?”

யாருக்கு நஷ்டம் என்று நானும் ரயிலில் யோசித்துக்கொண்டே போனேன். கேடுகெட்ட மூளை, அதுவும் சேர்ந்து கணக்குப் போட்டது. தங்கைக்கு ஐப்பசியில் கல்யாணம். உண்மையை எழுதினால் விசாரணை, விசாரணை முடிவதற்குள் மிஷின் வந்து போய்விடும், ஆகையால் பொய் எழுதுவதுதான் அந்த ஜனங்களுக்கே நல்லது. இப்படி ஒரு நியாயம் கிடைத்தபோது எனக்கு உள்ளுக்குள் நிம்மதி வந்தது. நிம்மதி வந்ததை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது. கடிதத்தை நல்ல தமிழில், தெளிவாக எழுதி வைத்திருந்தேன். படிக்கத் தெரியாதவர்கள், நாலு வார்த்தையில் விஷயத்தைச் சொல்லிக் கைநாட்டு வாங்கிவிடலாம் என்று எண்ணம்.

வியாழக்கிழமை மத்தியானம். சாராள் கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். வேறு ஏழெட்டுப் பெண்களும் இருந்தார்கள். “இதுல கையெழுத்துப் போட்டா லிஸ்டுல பேரு வரும்” என்றேன். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு காகிதத்தை வாங்கினாள். தலைகீழாகப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள் அவள். பைபிள் வாசிக்கிற ராகத்தில், எழுத்துக் கூட்டாமல், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தாள்.

“மேற்படி காலனியில் வசிக்கும் நாங்கள், ஆய்வுக்கு வந்த அதிகாரியை வேண்டுமென்றே ஏமாற்றும் நோக்கத்துடன், வேறு நீரைக் கொடுத்து…”

அங்கே நிறுத்தினாள். மற்றப் பெண்கள் தேய்ப்பதை விட்டு நிமிர்ந்தார்கள்.

“வேணும்னே ஏமாத்தனோம்னு போட்டுக்கீதே சார்.”

“அது… ஆபீஸ் பாஷை.”

மீதியையும் வாசித்தாள், இப்போது மனசுக்குள். கடைசி வரி வரை போய், மறுபடி மேலே வந்து ஒரு தரம் தேடினாள். பிறகு என்னைப் பார்த்தாள், கோபம் இல்லாத பார்வை. கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

“நீங்க ஜீப்புலயே குந்திக்கினு இருந்தது இதுல இல்லியே சார்.”

இப்போதே காகிதத்தைக் கிழித்துவிடலாம், பையில் வெள்ளைத்தாள் இருக்கிறது, நாலு வரியில் உண்மையை எழுதலாம் என்று நினைத்தேன். நினைத்தேன், அவ்வளவுதான்.

“இத்தப் போட்டா மிஷினு வருமா?”

“வரும்னு நினைக்கிறேன்.”

“நெனைக்காதீங்க சார். வருமா?”

“வரும்.”

அவள் மற்றப் பெண்கள் பக்கம் திரும்பினாள். வயதான ஒருத்தி, முத்தம்மா, “இன்னாடி எழுதிக்கீது?” என்று கேட்டாள். “நாம பொய்க்காரிங்கன்னு எழுதிக்கீது. போட்டா தண்ணி வரும்” என்றாள் சாராள். முத்தம்மா தேய்த்த பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். “வந்தா போட்டுட்டுப் போவுது. சோத்துல மண்ணா வுழுந்துடப் போவுது” என்றாள்.

சாராள் என்னிடம் பேனாவுக்குக் கை நீட்டினாள். கிணற்றுச் சுவரில் காகிதத்தை வைத்து, ஈரம் படாமல் முந்தானையை மடித்து அடியில் கொடுத்து, தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். புள்ளியும் விடவில்லை. பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டு, “நான் ஒருத்தி போட்டா போதுமா, எல்லாரும் போடணுமா சார்?” என்று கேட்டாள்.

போதும் என்று சொல்லியிருக்கலாம். ஒரு கையெழுத்தே போதும், அருணாச்சலம் அப்படித்தான் சொன்னார். ஆனால் நிறையப் பேர் போட்டால் இன்னும் பலமாக இருக்கும் என்று எனக்குள் ஒருவன் கணக்குப் போட்டான்.

“எல்லாரும் போட்டா நல்லது” என்றேன்.

பெண்கள் எழுந்தார்கள். பழுப்புத் தண்ணீரில் நனைந்த கைகளைப் புடவையில் அழுத்தித் துடைத்துக்கொண்டு, காகிதம் அழுக்காகிவிடக் கூடாதே என்று கட்டைவிரலை மட்டும் இன்னொரு தரம் துடைத்துக்கொண்டு, கிணற்றைச் சுற்றி வரிசையாக வந்து நின்றார்கள். முத்தம்மா முதலில் விரலை நீட்டினாள். நான் பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்து, மூடியைத் திறந்து, அவளுக்கு எட்டுகிற உயரத்துக்குக் குனிந்து பிடித்தேன்.