குதிகால் காய்ப்பு

பினாங்கில் கொலஸ்ட்ரால் என்ற பேச்சையே எவரும் எடுக்காத காலத்தில், பாகான் டாலாமில் வீடு வீடாக ஏறி இரத்தம் எடுத்தவள் டாக்டர் டோரதி. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய சில குடும்பத்து ஆண்களுக்குக் குதிகாலுக்கு மேலே கட்டியாக ஒன்று இருக்கும். "மூட்டை தூக்கின காய்ப்பு டாக்டர்" என்று பெருமையாகக் காலை நீட்டுவார்கள். நாற்பதைத் தாண்டியதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வார்கள். அவளுடைய அப்பா போனதும் அப்படித்தான். அது காய்ப்பே அல்ல, பரம்பரையாக வரும் கொலஸ்ட்ரால் குதிகால் தசைநாணில் படிந்தது என்று கண்டு எழுதினாள். விருதுகள் வந்தன, விமான டிக்கெட்டுகள் வந்தன.

வீட்டில் நடந்தது வேறு. தங்கை கிளாரிஸின் நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அம்மா, "உங்கப்பா எப்படிம்மா தவறினாரு?" என்று கேட்டாள். வேறு எவளாவது மழுப்பியிருப்பாள். இவளுக்குத்தான் பொய் என்றால் தொண்டையில் முள்ளாயிற்றே! பரம்பரை நோய் என்று புட்டுப் புட்டு வைத்தாள். கல்யாணம் நின்றது. "எனக்கு அக்காவே இல்ல" என்று தம்பி அந்தோணிராஜ் அன்றைக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆயிற்று, இருபத்தாறு வருடம். கிறிஸ்மஸ் கேக்கைப் பொங்கல் வரைக்கும் டோரதி ஒருத்தியே தின்று தீர்க்கிறாள்.

இந்தப் பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்குக்குக் கோயிலில் பன்னிரண்டு பேரை முன்னால் உட்காரவைத்தார்கள். ஏழாவது ஆள் அந்தோணிராஜின் மகன் டேரில். முகநூல் படத்தில் மட்டுமே அவள் பார்த்திருந்த பிள்ளை. ஃபாதர் அவன் வலது காலைத் தூக்கித் துடைத்தபோது குதிகாலுக்கு மேலே அதே கட்டி தெரிந்தது. இருபத்திநாலு வயசுப் பிள்ளை, ஆண்டவரே!

பூசை முடிந்ததும் வாசலில் அவனைப் பிடித்தாள்.

"தம்பி, கால்ல அது என்னப்பா?"

"இதுவா ஆன்ட்டி? ஃபுட்சால் விளையாடி வந்ததுலா."

"இல்ல. நான் டாக்டர் சொல்றேன், கொலஸ்ட்ரால் டெஸ்ட் எடு."

அவன் சிரித்தான். "நான் கோழித்தோல்கூடத் தொடமாட்டேன். எனக்கு எதுக்கு?"

நான் உன் அத்தைடா என்று சொல்ல வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டு, "குடும்பத்துல யாருக்காச்சும் நெஞ்சுவலி?" என்று கேட்டாள்.

"அப்பாவோட அக்கா ஒருத்தங்க இருந்தாங்களாம். நான் பொறக்கறதுக்கு முந்தியே ஹார்ட் அட்டாக்ல செத்துட்டாங்கன்னு அப்பா சொல்வாரு. நாப்பத்திரண்டு வயசுதானாம்."

தன்னை உயிரோடு புதைக்கத் தம்பிக்கு எப்படித்தான் மனசு வந்ததோ! அழவும் நேரமில்லை, தெருவில் அந்தோணிராஜ் காரை நிறுத்தி ஹார்ன் அடித்தான்.

அவள் டேரிலின் கையைப் பற்றினாள்.

"பாத்தியா தம்பி? நாப்பத்திரண்டுலயே போயிட்டாங்க. அது உன் இரத்தத்துலயும் இருக்கு. அந்த அத்தை மாதிரி நீயும் செத்துடாத, ராசா."

அவன் சிரிப்பு நின்றது.

"சரி ஆன்ட்டி. திங்கக்கிழமையே போறேன்" என்றான்.